இம்மெல்மன் திருப்பம்: பொருளும் பயன்பாடும், தோட்டத்துத் திடலில் செய்து பார்க்கும் முறையும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. தெற்கே பட்டர்வொர்த்தில் ஆகாயப்படைத் தளம் இருக்கிறது. வடக்கே அலோர் ஸ்டாரில் பயிற்சி விமானிகள் பி.சி.-7 ரக விமானம் ஓட்டிப் பழகுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த ஊர்களில், மாலை நேரத்தில் ரிமோட் விமானம் பறக்கவிடும் இளைஞர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். லங்காவியில் நடக்கும் லீமா விமானக் கண்காட்சியின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அதே சாகசங்களைத் தங்கள் திடலில் செய்து பார்க்கத் துடிக்கிறார்கள். அந்த ஆசையைப் பாராட்டுகிறேன். ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது: விமானம் வளைந்து திரும்பினால் இம்மெல்மன், குட்டிக்கரணம் அடித்தால் இம்மெல்மன், தலைகீழாகப் போனாலும் இம்மெல்மன் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். ஒரு சாகசத்தின் பெயருக்குள் அதன் செய்முறையே அடங்கியிருக்கிறது. எதைச் செய்யப்போகிறோம் என்பது மனத்தில் துல்லியமாக இல்லாவிட்டால் கைக்கும் வராது. எனவே பொருளிலிருந்து தொடங்கிப் பறத்தல் வரை படிப்படியாகப் போவோம்.

முதல் படி: பொருளைப் பிடியுங்கள்

மட்டமாகவும் நேராகவும் பறந்துகொண்டிருக்கும் விமானம் மூக்கைத் தூக்கி, செங்குத்து வளையத்தின் பாதியை ஏறி முடிக்கிறது. வளையத்தின் உச்சியில் அது தலைகீழாக, வந்த திசைக்கு நேர் எதிராகப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இடத்திலேயே தன் அச்சில் அரைச் சுற்று உருண்டு நிமிர்ந்து, மட்டமாகப் பறந்து போகிறது. இவ்வளவுதான் இம்மெல்மன் திருப்பம். சில நாட்டு விமானிகள் இதையே ‘உச்சியில் உருளல்’ என்ற பொருளில் வேறு பெயரிட்டும் சொல்வார்கள்.

முடிவில் மூன்று மாற்றங்கள் நடந்திருக்க வேண்டும். திசை 180 பாகை திரும்பியிருக்க வேண்டும். உயரம் கூடியிருக்க வேண்டும். வேகம் குறைந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் நீங்கள் பார்த்தது வேறு சாகசம். வேகத்தைக் கொடுத்து உயரத்தை வாங்கி, அந்தக் கொடுக்கல்வாங்கலுக்குள்ளேயே திரும்பியும் விடுவதுதான் இதன் உயிர்நாடி.

இரண்டாம் படி: பெயர் யாருடையது, அவர் செய்தது எது

மாக்ஸ் இம்மெல்மன் 1890இல் டிரெஸ்டன் நகரில் பிறந்த ஜெர்மானியர். முதல் உலகப் போரில் ஃபோக்கர் ஐன்டெக்கர் என்னும் ஒற்றை இறக்கை விமானத்தை ஓட்டினார். சுழலும் புரொப்பெல்லர் தகடுகளுக்கு நடுவே சுடும்படி இயந்திரத் துப்பாக்கியை ஒத்திசைத்துப் பொருத்தியிருந்த விமானம் அது. 1915 ஆகஸ்டு முதல் தேதி தொடங்கிய அவருடைய வெற்றிகளின் கணக்கு 15 எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1916 ஜனவரி 12 அன்று இன்னொரு விமானியான ஓஸ்வால்ட் போல்க்கேயுடன் சேர்ந்து, ஜெர்மனியின் உயரிய போர் விருதைப் பெற்றார். அதே ஆண்டு ஜூன் 18 அன்று விழுந்து இறந்தார். பிரிட்டிஷ் விமானம் சுட்டு வீழ்த்தியது என்றது ஒரு தரப்பு. ஒத்திசைவுக் கருவி பழுதாகி அவருடைய துப்பாக்கியே அவருடைய புரொப்பெல்லரைச் சிதைத்துவிட்டது என்றது மறுதரப்பு.

இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அவர் பெயரால் அன்று அழைக்கப்பட்ட உத்தியும் இன்று நாம் சொல்லும் சாகசமும் வேறு வேறு. போர்க்கால உத்தி இப்படி: மேலிருந்து பாய்ந்து எதிரியைச் சுடுவது, அவரைக் கடந்ததும் அந்த வேகத்திலேயே மேலே ஏறுவது, வேகம் ஏறக்குறைய தீரும் நேரத்தில் ரடரை (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகையை) முழுதாக மிதித்து மூக்கைப் பக்கவாட்டில் கவிழ்த்து, மறுபடி எதிரியின்மேல் பாய்வது. இன்றைய சாகசப் பட்டியலில் அதற்கு நெருங்கிய உறவு இம்மெல்மன் அன்று, ‘ஸ்டால் டர்ன்’. ஐன்டெக்கரில் எய்லரான், அதாவது விமானத்தைச் சாய்க்கவும் உருட்டவும் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடல், கிடையாது. இறக்கையையே முறுக்கித்தான் விமானத்தைச் சாய்த்தார்கள். எஞ்சினின் வலுவும் குறைவு. அப்படிப்பட்ட விமானம் உச்சியில் வேகம் செத்த நிலையில் துப்புரவாக அரைச் சுற்று உருண்டிருக்கும் என்று நம்புவது கடினம்.

ஆகவே போர் வரலாற்று நூலில் இந்தச் சொல்லைக் கண்டால் பழைய பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள். சாகசப் போட்டி, லீமா வருணனை, ரிமோட் விமானத் திடல் ஆகிய இடங்களில் கேட்டால் இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: உறவுக்காரர்களைப் பிரித்தறியுங்கள்

குழப்பம் பெரும்பாலும் இவற்றால்தான் வருகிறது. முழு வளையம் என்றால் விமானம் தொடங்கிய உயரத்துக்கே, தொடங்கிய திசையிலேயே வந்து முடியும். 1913இல் இதை முதன்முதலில் கீவ் நகரில் செய்து காட்டியவர் பியோத்தர் நெஸ்டெரோவ். ‘ஷாண்டெல்’ என்பதும் ஏறிக்கொண்டே 180 பாகை திரும்புவதுதான், ஆனால் அதில் தலைகீழ் நிலையே கிடையாது. சாய்ந்தபடி வளைந்து ஏறும். ஏறுகிறது, திரும்புகிறது என்ற இரண்டை மட்டும் பார்த்துவிட்டு அதை இம்மெல்மன் என்பவர்கள் நிறையப் பேர். ஸ்டால் டர்னில் விமானம் செங்குத்தாக ஏறி, நின்று, பக்கவாட்டில் மூக்கைச் சாய்த்து, ஏறிய கோட்டிலேயே இறங்கும்.

‘ஸ்பிளிட் எஸ்’ இம்மெல்மனின் தலைகீழ் வடிவம். அதில் முதலில் அரைச் சுற்று உருண்டு தலைகீழாகி, பிறகு கீழ்நோக்கி அரை வளையம் இழுப்பார்கள். உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கும் திருப்பம் அது. ‘அரை கியூபன் எட்டு’ பற்றியும் தெரிந்திருக்க வேண்டும்: அது வளையத்தின் உச்சியையும் தாண்டி 45 பாகை இறக்கத்துக்கு வந்த பிறகே உருளும். இம்மெல்மனோ உச்சியிலேயே உருளும். காணொளியில் இரண்டையும் பிரிக்க, உருளும் கணத்தில் மூக்கு அடிவானத்தில் இருக்கிறதா, தரையைப் பார்க்கிறதா என்று பாருங்கள்.

அரச மலேசிய ஆகாயப்படையின் ‘கிரிஸ் சக்தி’ குழு 2011 லீமாவில் எக்ஸ்ட்ரா 300எல் விமானங்களுடன் அறிமுகமானது. அந்தக் குழுவின் காணொளிகளை வைத்துக்கொண்டு இந்தப் பிரித்தறிதலைப் பழகலாம். புகைத்தடம் வானத்தில் தங்கிவிடுவதால் வளையத்தின் வடிவம் கண்ணுக்கு நன்றாகப் பிடிபடும்.

பேசும்போதும் எழுதும்போதும் ‘இம்மெல்மன் போட்டான்’, ‘இம்மெல்மன் திருப்பத்தில் உயரம் பிடித்தது’, ‘இம்மெல்மனில் வெளியேறியது’ என்று பயன்படுத்தலாம். ‘இம்மெல்மன் அடித்துக் கீழே பாய்ந்தது’ என்று எழுதாதீர்கள். இம்மெல்மன் கீழே கொண்டுபோகாது. சாலையில் கார் திரும்பியதற்கும் அரசியல்வாதி கட்சி மாறியதற்கும் இந்தச் சொல்லை எடுத்துப் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. உயரம் கூடாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை.

நான்காம் படி: தாளில் வரையுங்கள்

ஸ்பெயின் நாட்டு விமானி ஹோசே லூயிஸ் அரெஸ்டி உருவாக்கிய குறியீட்டு முறையைத்தான் உலகச் சாகசப் போட்டிகளில் பயன்படுத்துகிறார்கள். இம்மெல்மனை அதில் வரைவது எளிது. ஒரு சிறு புள்ளி வைத்து, அதிலிருந்து நேர்க்கோடு இழுங்கள். மேல்நோக்கி அரை வட்டம் போடுங்கள். உச்சியில், அரை வட்டம் முடியும் இடத்தில், கோட்டைக் கடந்துபோகாமல் கோட்டிலிருந்தே கிளம்பும் ஒரு வளைந்த அம்பைப் போடுங்கள். அது அரை உருளல். கடந்துபோனால் முழு உருளல் என்று பொருளாகிவிடும். பிறகு எதிர்த்திசையில் சிறு கோடு இழுத்துக் குறுக்கே ஒரு சிறு தடுப்புக் கோடு போட்டு முடியுங்கள்.

அரை வட்டத்துக்கும் உருளலுக்கும் நடுவே நேர்க்கோடு எதுவும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நடுவர்கள் பார்ப்பதும் அதைத்தான். வளையம் முடிந்த உடனே உருளல் தொடங்க வேண்டும். நடுவில் தலைகீழாகக் கொஞ்ச தூரம் ஓடினாலும் மதிப்பெண் போகும். வளையம் முடியுமுன்னே உருளத் தொடங்கினாலும் போகும். பத்து மதிப்பெண்ணில் தொடங்கி, ஒவ்வொரு 5 பாகைப் பிழைக்கும் ஒரு மதிப்பெண் குறைப்பது அவர்கள் வழக்கம்.

ஐந்தாம் படி: வேகத்தைக் கணக்குப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக யாரையும் விடமாட்டேன். இம்மெல்மனில் தோற்பவர்கள் உச்சியில் தோற்பதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் நுழையும்போதே தோற்றுவிட்டார்கள்.

உங்கள் ரிமோட் விமானம் நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகிறது என்று வையுங்கள். எஞ்சினின் உதவியையும் காற்றின் தடையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்த வேகம் முழுவதையும் செலவழித்தாலும் சுமார் 20 மீட்டர் உயரம்தான் கிடைக்கும். 12 மீட்டர் விட்டமுள்ள வளையம் போட்டால் உச்சியில் நொடிக்கு 12.8 மீட்டர் மிஞ்சும். மணிக்கு 46 கிலோமீட்டர். அதில் விமானம் தாராளமாகப் பறக்கும், எய்லரானும் வேலை செய்யும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு 18 மீட்டர் விட்டம் போட்டால், மிஞ்சுவது நொடிக்கு 7 மீட்டருக்கும் குறைவு. மணிக்கு 25 கிலோமீட்டர். பல சிறு விமானங்களுக்கு அது காற்றில் நிற்கவே போதாது. உருளச் சொன்னால் விமானம் கேட்காது, தொப்பென்று விழும்.

சரி, வளையத்தை மிகவும் சுருக்கிவிடலாமா? அங்கே இறக்கை குறுக்கே நிற்கிறது. அதே 12 மீட்டர் வளையத்தில், மேலே இழுக்கும் முதல் கணத்தில் விமானம் தன் எடையைப்போல் ஏறக்குறைய 7.8 மடங்கைச் சுமக்கிறது. ஒரு கிலோ எடையுள்ள விமானத்தின் இறக்கை அந்த நொடியில் எட்டுக் கிலோவுக்கு நெருக்கமாகத் தாங்க வேண்டும். உள்ளே கார்பன் குழாய் இல்லாத நுரை இறக்கை மடங்கிவிடும். எக்ஸ்ட்ரா 300எல் ஒற்றை விமானியுடன் 10 மடங்கு வரை தாங்குமாறு கட்டப்பட்டது. நம் திடலில் பறப்பதெல்லாம் எக்ஸ்ட்ரா அல்ல.

உச்சியில் அந்தச் சுமை 1.8 மடங்காகக் குறைந்துவிடும். ஆனாலும் அது இன்னும் விமானத்தின் அடிப்பக்கத்தை நோக்கியே அழுத்துகிறது. தண்ணீர் நிறைந்த வாளியைக் கையால் வேகமாகத் தலைக்கு மேல் சுற்றினால் தண்ணீர் சிந்தாமல் இருக்கிறதே, அதே காரணம்தான். சுற்றும் வேகம் குறைந்தால் தண்ணீர் தலையில் கொட்டும்.

உங்கள் விமானத்துக்கு ஏற்ற வளையம் நடுத்தரமானது. அதன் அளவை முன்கூட்டியே மனத்தில் முடிவுசெய்துகொண்டு நுழைய வேண்டும்.

ஆறாம் படி: இடம், அனுமதி, விமானம்

திடலைச் சுற்றி உயர்ந்த செம்பனை இருந்தால் அங்கே சாகசம் வேண்டாம். ஓலைக்குள் சிக்கிய விமானத்தைக் குலை வெட்டும் நீளக் கம்பால் தட்டி எடுக்கும்போது மட்டையின் முள் இறக்கையைக் கிழித்துவிடும், கையையும் விடாது. அண்மையில் மறுநடவு செய்த, மரங்கள் இன்னும் இடுப்பளவே இருக்கும் பகுதியை ஒட்டிய திடல் சிறந்தது. மின்கம்பி எங்கே போகிறது என்று நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். மருந்து தெளிக்கும் டிரோன்கள் பறக்கும் நேரத்தையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவின் 2016ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்து விதிகள் இத்தகைய விமானங்களுக்கு 400 அடியை உயர எல்லையாக வைத்திருக்கின்றன. விமான நிலையங்களைச் சுற்றிய வான்வெளிக்குத் தனி அனுமதி வேண்டும். நம் வட்டாரத்தில் ஆகாயப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால், திடலைத் தேர்ந்தெடுத்ததும் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது உங்கள் கடமை. தலைக்கு மேல் மனிதர்கள் ஓட்டும் விமானச் சத்தம் கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள்.

இறக்கை மேலே வைத்து, V போல் சற்று நிமிர்த்திய பழகு விமானத்துக்கு வளையம் வரும். உருளல் சோம்பலாகத்தான் வரும். அது தானாக நிமிர்ந்துகொள்ளவே கட்டப்பட்டது. இறக்கை நடுவிலோ கீழோ உள்ள, நான்கு சேனல் (நான்கு தனித்தனிக் கட்டுப்பாடுகள்) கொண்ட நுரை விமானம் வாங்குங்கள். பறப்பதற்கு முன் எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை, விரலால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். இணைப்புக் கம்பி நுழையும் துளை தேய்ந்து தளர்ந்திருந்தால் வால் படபடக்கும். அந்தச் சிறு துண்டை மாற்றாமல் சாகசத்துக்குப் போகக் கூடாது.

ஏழாம் படி: தரையில் நடந்து பழகுங்கள்

கணினி சிமுலேட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பூப்பந்துத் திடலின் கோட்டின்மேல் நின்று, விமானத்தைக் கையில் பிடித்து நேராக நடங்கள். நின்று, கையை மேலே கொண்டுபோய் அரை வளையம் காட்டுங்கள். விமானம் தலைகீழாக உங்களைக் கடந்து பின்னோக்கிப் பார்க்கும்போது உரக்கச் சொல்லுங்கள்: “தளர்த்து, உருட்டு, நிறுத்து.” அந்த மூன்று சொற்களின் வரிசை நாக்கில் பழகிவிட்டால் கட்டைவிரல் தானாகப் பின்தொடரும். பக்கத்தில் யாராவது தம்பி இருந்தால், “எந்த எய்லரான் மேலே போகிறது?” என்று கேட்கச் சொல்லுங்கள். யோசிக்காமல் பதில் வரும் வரை திடலுக்குப் போக வேண்டாம்.

எட்டாம் படி: பறத்தல்

காலை நேரம் எடுங்கள். ஜெராய் மலை உச்சியில் மேகம் அடர்வதற்கு முன், காற்று எழும்புவதற்கு முன். வலது குச்சியில் எலிவேட்டரும் எய்லரானும், இடது குச்சியில் வேகமும் ரடரும் உள்ள ரிமோட்டை வைத்துச் சொல்கிறேன்.

விமானத்தை உங்களுக்கு முன்னால், நீங்கள் நிற்கும் கோட்டுக்கு இணையாகப் பறக்கவிடுங்கள். உங்களை நோக்கியோ தலைக்கு மேலோ வேண்டாம். பனையின் உயரத்தைப்போல் மூன்று மடங்காவது மேலே இருக்கட்டும். வேகத்தை முழுதாகக் கொடுத்துச் சில நொடி நேராக ஓடவிடுங்கள். இரண்டு இறக்கையும் மட்டமா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் வளையமே சாய்ந்து எழும். உச்சியில் விமானம் கோணலாக, தடம் விலகி நிற்கும்.

எலிவேட்டரை மெதுவாக, ஆனால் தயங்காமல் இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் வேகம் இருந்தும் இறக்கை காற்றின் பிடியை இழந்து, விமானம் திருகிக்கொண்டு விழும். ஏறும்போது மோட்டார் சத்தம் கனத்து இறங்குவதைக் காது கேட்கும். மூக்கு செங்குத்தைத் தாண்டியதும் இழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தளர்த்தாவிட்டால் மேல்பாதி சுருங்கி, வளையம் நசுங்கிய முட்டை வடிவமாகும். வேகம் குறையக் குறைய மூக்கு இடப்பக்கம் சரியப் பார்க்கும். அதற்குச் சிறிதளவு வலது ரடர்.

மூக்கு அடிவானத்துக்கு வர இருக்கும் கணம்தான் முக்கியம். இழுப்பை முழுதாக விட்டுவிடுங்கள். தலைகீழாக இருக்கும் விமானம் மூக்கைக் கவிழ்க்கும் என்பதால், குச்சியை ஒரு துளி முன்னே தள்ளுங்கள். அதே மூச்சில் எய்லரானைக் கொடுங்கள். இடமா வலமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் பழகும் காலத்தில் எப்போதும் ஒரே பக்கம். இறக்கை செங்குத்தாக நிற்கும் நடுக்கணத்தில் மேல்பக்கத்து ரடர் கொஞ்சம் தாங்கிக் கொடுக்கும். நிமிர்ந்ததும் எய்லரானை விட்டு, இறக்கையை மட்டமாக்கி, எதிர்த்திசையில் நேர்க்கோடாகச் சற்று தூரம் ஓட்டிக் காட்டுங்கள். அந்த நேர்க்கோடு இல்லாமல் திருப்பம் முடியவில்லை.

ஒன்பதாம் படி: பிழையைப் படியுங்கள்

வெளியேறும் திசை பக்கவாட்டில் விலகுகிறதா? உருளும்போது எலிவேட்டரை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இறக்கை செங்குத்தாக நிற்கும்போது அந்த இழுப்பு விமானத்தைப் பக்கத்துக்குக் கொண்டுபோகிறது. மிகப் பரவலான பிழை இதுதான். தரையில் “தளர்த்து” என்று சொல்லிப் பழகியது இதற்காகத்தான்.

உருளும்போது உயரம் இறங்குகிறதா? முன்னே தள்ளும் அந்தத் துளி போதவில்லை, அல்லது உச்சியில் வேகமே இல்லை. இரண்டாவது என்றால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். உச்சியில் எது மேல், எது கீழ் என்று குழம்பிவிட்டதா? பதற்றத்தில் எலிவேட்டரை இழுக்காதீர்கள். தலைகீழ் நிலையில் இழுத்தால் விமானம் நேரே தரைக்குப் போகும். குச்சிகளை நடுவில் விட்டு, எய்லரானால் நிமிர்த்திவிட்டுப் பிறகு மூக்கைத் தூக்குங்கள். உயரம் வாங்கி வைத்தது இந்த நேரத்துக்காகத்தான்.

பெரிய விமானத்தில் இதைக் கற்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று: சாகசத்துக்கு அனுமதிக்கப்பட்ட விமானமும், பக்கத்து இருக்கையில் தகுதி பெற்ற பயிற்சியாளரும் இல்லாமல் இது கூடவே கூடாது. மேலே சொன்ன எண்கள் அனைத்தும் ரிமோட் விமானத்துக்கானவை.

பத்தாம் படி: ஸ்பிளிட் எஸ்ஸுடன் கோத்துப் பாருங்கள்

இம்மெல்மனில் மேலே ஏறித் திரும்பி, கொஞ்சம் ஓடி, ஸ்பிளிட் எஸ்ஸில் கீழே இறங்கித் திரும்பினால், தொடங்கிய கோட்டுக்கே வந்து சேரலாம். இரண்டும் சேர்ந்தால் நல்ல பயிற்சி. ஆனால் இறங்கும் வளையத்தில் வேகம் கூடிக்கொண்டே போவதால், ஏறியபோது பிடித்த இடத்தைவிட அதிக இடம் பிடிக்கும். ஆகவே ஸ்பிளிட் எஸ்ஸைத் தொடங்கும் முன் மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இம்மெல்மனில் கிடைத்த உயரத்தை மட்டும் நம்பி இறங்காமல், தொடக்கக் கோட்டையே பனை உயரத்தின் ஐந்து மடங்குக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, 400 அடி எல்லைக்குள் நின்று செய்யுங்கள்.